ஓசூரில் கீரை பறிக்கக் கற்பது

கேழ்வரகு முளைத்து மூன்று வாரம் ஆனதும் முதல் களை எடுப்பார்கள். ஓசூரிலிருந்து தளிப் பக்கமோ கெலமங்கலம் பக்கமோ போனால், ஆடி ஆவணியில் சாலையோரத்திலேயே இதைப் பார்க்கலாம். ஏழெட்டுப் பெண்கள் களைக்கொத்தோடு குந்தியபடி வரிசையாக நகர்வார்கள். பிடுங்குவதெல்லாம் ஒரே குவியலாகச் சேராது. கோரையும் அருகும் வரப்புக்குப் போகும். மாடு தின்பது கூடைக்குப் போகும். மூன்றாவது பங்கு ஒன்று உண்டு. அது பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மடிக்குள் போய்விடும். பொழுது சாய்ந்து வரப்பில் ஏறும்போது அந்த மடியில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை, புளியாரை என்று கலந்து கிடக்கும். வீட்டுக்குப் போய்த் துவரம்பருப்போடு வேகவைத்து, பூண்டு, பச்சைமிளகாய், கொஞ்சம் புளி சேர்த்து மத்தால் கடைந்தால் அன்றைய ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ள மஸ்ஸொப்பு தயார். கர்நாடக எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே பெயர்தான்.

மூலிகை பற்றிக் கற்றுக்கொள்ள எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பயிலரங்கம், சான்றிதழ், யூடியூப் என்று அவர்கள் மனதில் ஏதாவது இருக்கும். நான் அந்தக் களைவரிசையைத்தான் காட்டுவேன். கூலிக்குக் களையெடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் குந்தி, அவர் எதை மடியில் போடுகிறார், எதை வரப்பில் எறிகிறார் என்று பார்த்தாலே போதும். வேறெங்கும் கிடைக்காத படிப்பு அது.

நான் ஓசூரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. இந்தப் பக்கத்தில் பல பள்ளிகளில் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. துளசி, ஓமவல்லி, ஆடாதோடை, கற்றாழை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் தகரப் பலகையில் பெயர் எழுதியிருக்கும். பிள்ளைகள் பலகையைப் படிப்பார்கள், செடியைத் தொடமாட்டார்கள். தொடக்கூடாது என்று நாமே சொல்லியிருப்போம். பலகையை எடுத்துவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆடாதோடைக்கும் நொச்சிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. நொச்சி இலையைக் கசக்கி ஒருமுறை முகர்ந்த பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. மூலிகைப் பாடம் கையிலும் மூக்கிலும் நடக்க வேண்டியது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஊரில் களையெடுக்கப் போகும் ஒரு மூதாட்டி. வீட்டில் தெலுங்கு, வயலில் கன்னடம், என்னிடம் தமிழ். ஊரே அவரை அவ்வா என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே. அவர் செடியின் பெயரை முதலில் சொல்லமாட்டார். ஒன்றைக் கிள்ளிக் கையில் கொடுத்துவிட்டு, “இதே மாதிரி இன்னொண்ணு தேடி எடுத்தாங்க டீச்சரம்மா” என்பார். தேடி எடுத்துப் போனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். இலை நுனி, காம்பின் நிறம், கணுவில் முள் உண்டா, ஒடித்தால் பால் வருகிறதா, அடிப்பக்கம் வெளுத்திருக்கிறதா. இவ்வளவும் ஒத்துப்போன பிறகுதான் பெயர் வரும்.

குப்பைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். இலை நுனியைப் பாருங்கள்: கூராக முடியாமல் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருக்கும். முள்ளுக்கீரையும் அதே குடும்பம், தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் விரலை வைத்தால் ஜோடியாக முள் குத்தும். இரண்டுமே சமையலுக்கு ஆகும் என்பதால் இங்கே குழம்பினாலும் கெடுதலில்லை. மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் இடையில்தான் கொஞ்சம் நிதானம் தேவை. இரண்டும் தரையோடு படரும், இரண்டிலும் கணுவுக்கு இரண்டு இலை, அந்த இரண்டில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. சாரணை இலை சதைப்பற்றாக, தொட்டால் சில்லென்று இருக்கும். பூ இலையடியிலேயே ஒளிந்திருக்கும். மூக்கிரட்டையின் பூ மெல்லிய காம்பில் தனியாக மேலே நிற்கும், காய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். சாரணையில் இளங்கொழுந்தை மட்டும்தான் அவ்வா எடுப்பார். முற்றியது வயிற்றைக் கலக்கிவிடும் என்று தள்ளிவிடுவார்.

பண்ணைக்கீரைக்கு அவர் வைத்திருக்கும் சோதனை இன்னும் எளிது. “கிள்ளினா ஒடியணும். நார் இழுத்துச்சுன்னா விட்டுடுங்க, அது விதைக்கு.” பூக்கதிர் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நீட்டிக்கொண்டு வந்துவிட்டால் அந்தச் செடியின் கீரைப் பருவம் முடிந்தது. அடுத்த வருடத்துக்கு அது விதை உதிர்க்க வேண்டும். பறிப்பதில் பாதி, எதை விட்டுவைப்பது என்று தெரிந்துகொள்வது. இந்தப் பாதியை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

செல்பேசியில் படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. என் மாணவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். பூ விரிந்து நிற்கும் செடியை அது பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் கீரை பறிப்பது பூ வருவதற்கு முன். நாலு இலை விட்ட நாற்றுப் பருவத்தில் ஒரு குடும்பத்துச் செடிகள் எல்லாம் ஒரே முகமாக இருக்கும். அங்கே செயலி தடுமாறும். அதே வயலை ஆனியிலும் ஆடியிலும் ஐப்பசியிலும் நடந்து பார்த்தவருக்கு நாற்றும் தெரியும், பூவும் தெரியும், காய்ந்த குச்சியும் தெரியும். செயலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது சொல்வதைச் சந்தேகப்படுவதற்கு வேண்டிய அறிவு கையில் இருக்க வேண்டும்.

இந்த நுணுக்கம் வெறும் சமையல் விஷயமில்லை என்பதற்குக் கீழாநெல்லியின் கதை சாட்சி. மஞ்சள்காமாலைக்கு நம் ஊரில் காலம் காலமாகக் கொடுத்துவந்த செடி. 1988-இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்த ஆய்வு. மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, வெற்று மாத்திரையைவிட இது மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. செடியின் இனம் வேறு, வளர்ந்த மண் வேறு, பதப்படுத்திய முறை வேறு என்று பல விளக்கங்கள் பேசப்பட்டன.

வயலில் நின்று பார்த்தால் அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று புரியும். கீழாநெல்லி என்று ஒருவர் பறித்துவந்த கட்டில் இரண்டு மூன்று செடிகள் கலந்திருப்பதைச் சந்தையிலேயே பார்க்கலாம். தண்டு பச்சையாக, வழுவழுப்பான காய் சின்னக் காம்போடு இலைக்கடியில் வரிசையாகத் தொங்கினால் அது ஒன்று. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருந்தால் அது வேறு இனம். இறகு போன்ற கிளையே இல்லாமல் இலைகள் ஆப்பு வடிவில் நின்றால் அது மேலாநெல்லி. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறேன்: கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, மருத்துவர். வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தி, கல்லீரல் கெட்டபின் ஆஸ்பத்திரிக்கு ஓடும் குடும்பங்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

உண்ணக்கூடிய செடிகளுக்கு முன்னால் உண்ணக்கூடாதவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வகுப்பில் முதல் பாடம் செங்காந்தள். மாநில மலர் என்று எல்லோருக்கும் தெரியும். வேலியோரம் தானாக ஏறி நிற்கும். விதைக்காகப் பயிரிடுவோரும் உண்டு. அதன் இலை நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகவே முடியும், அதை ஒருமுறை பார்த்துவிட்டால் தப்பாது. வெயில் காலத்தில் கொடி காய்ந்துபோக, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். தோண்டுபவர் அதை வேறு கிழங்கு என்று நினைத்தால் உயிர் போகும். செடி முழுக்கவே கால்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். அடுத்தது குண்டுமணி, ஊமத்தை, அரளி, மலையடிவாரத்தில் ஒடுவன். சமைத்தால் இவற்றின் நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது.

ஆடுதின்னாப்பாளைக்குத் தனியாக ஒரு வகுப்பு வைக்கிறேன், ஏனென்றால் அது மூலிகை என்றே பெயர் வாங்கியது. பூச்சிக்கு, கடிக்கு என்று கிராமத்தில் கொடுப்பார்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. விசாரித்ததில், பொடியில் சேர வேண்டிய ஒரு சீனச் செடிக்குப் பதிலாக, சந்தையில் கிட்டத்தட்ட அதே பெயரில் விற்கும் இந்தக் குடும்பத்துச் செடி சேர்ந்துவிட்டது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். பலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இயற்கையானது கெடுதல் செய்யாது என்று நம்பிக்கையோடு பேசும் பெற்றோரிடம் நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வது. வாதம் பண்ணத் தேவையே இருக்காது.

இனி ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளைந்த மேட்டு நிலம் ஓசூர். 1970-களில் சிப்காட் வந்தது. பைக், லாரி, கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது, 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பெங்களூரு வீங்கி வீங்கி எல்லை தாண்டி இந்தப் பக்கம் வழிந்துவிட்டது. என் வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாட்டிகள் போய்விட்டால் இந்த அறிவும் போய்விடும் என்று வருத்தப்பட்டு எழுதுவது வழக்கம். ஓசூரைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. கடந்த சில ஆண்டுகளாக இங்கே மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்து பழங்குடி இளம்பெண்கள் பெரிய எண்ணிக்கையில் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நாலு பெண்கள் குனிந்து எதையோ பறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றேன். கையில் இருந்தது தகரைக் கொழுந்து. நம் ஊரில் அதைச் சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசும் செடியாகத்தான் பலருக்குத் தெரியும். அவர்கள் ஊரில் அது அன்றாடச் சாப்பாடு: சகோட் சாக். கொழுந்தை வேகவைத்துச் சாப்பிடுவார்கள், மிஞ்சினால் நிழலில் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்வார்கள், மழை ஓய்ந்த மாதங்களில் கஞ்சியில் போடுவார்கள். கரையோரம் படர்ந்திருந்த வல்லாரையைக் காட்டியபோது முகம் மலர்ந்துவிட்டது. “பேங் சாக்!” என்று ஒருத்தி கத்தினாள். அம்மா துவையல் அரைப்பாராம்.

அவ்வாவை ஒருநாள் அவர்களோடு உட்கார வைத்தேன். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை. கீரை புரிந்தது. அவ்வா பண்ணைக்கீரையை நீட்டினால் அவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் தகரையை நீட்டினால் அவ்வா மூக்கைச் சுளித்தார், பிறகு வாங்கிக் கிள்ளிப் பார்த்தார். ஒடிந்தது. மடியில் போட்டுக்கொண்டார். சொல்லித்தர ஆள் இல்லை என்ற கவலை எனக்கு அன்றோடு போனது. இந்த ஊருக்கு அந்த அறிவு ரயிலேறி வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்த ஏரிக்கரையில் பறித்ததைச் சமைக்க வேண்டாம் என்று நான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஓசூரில் கீரை பறிக்கக் கற்பதில் மிகக் கடினமான பாடம் இதுதான். செடி சரி, பருவம் சரி, ஆள் சரி. மண்ணும் தண்ணீரும் சரியில்லை.

கெலவரப்பள்ளி அணையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவுநீரையும் ஆலைக்கழிவையும் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் ஆற்றை மறைத்துக்கொண்டு வெள்ளை நுரை மலைபோல் எழும்புகிறது. அந்தத் தண்ணீர் பாயும் கால்வாய் ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கண்ணைப் பறிக்கும் பச்சையில் செழித்திருக்கும். தண்ணீர் ஓரத்துச் செடிகள் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை வேர் வழியாக உறிஞ்சி இலைக்குக் கொண்டுபோகும். வெளியே ஒட்டிய தூசி என்றால் மஞ்சள் தண்ணீரில் அலசிவிடலாம். இலைக்குள் சேர்ந்ததை அலசவும் முடியாது, வேகவைத்துப் போக்கவும் முடியாது. கொழுகொழுவென்று இருக்கும் கீரையைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

நெடுஞ்சாலை ஓரமும் அப்படித்தான். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. மண்ணில் படிந்த ஈயம் நிற்கவில்லை. அது பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். சிப்காட் சுற்றுச்சுவர் ஓரம், பழைய இரும்புக் கடைகளின் பின்புறம், பேட்டரி உடைக்கும் இடங்கள் என்று விலக்க வேண்டியவை நீள்கின்றன. கிராமத்துக்குள் போனால் ஆபத்து வேறு வடிவில் வரும். ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் போட்ட பசுமைக்குடில்களைச் சுற்றி மருந்தடிப்பு ஓயாது. களையெடுக்க ஆள் கிடைக்காமல் களைக்கொல்லி தெளிக்கும் வயலில், தெளித்த முதல் ஓரிரு நாள் கீரை பச்சையாகத்தான் நிற்கும். அதனால் அவ்வா வயலுக்குள் கால் வைக்குமுன் வயல்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார்: “மருந்து அடிச்சீங்களா?” மூலிகைப் பயிற்சி தரும் எவரும் மாணவர் வாயில் முதலில் ஏற்ற வேண்டிய கேள்வி இது.

அப்படியானால் காட்டுக்குப் போகலாமே என்பார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டினால் மேலகிரி மலைகள். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறது. பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக்குடியிருப்புகளில் இருளர் வாழ்கிறார்கள். காட்டுக் கிழங்கு தோண்டும் பழங்குடியினரிடம் ஒரு பழக்கம் உண்டு: கிழங்கை எடுத்துக்கொண்டு, கொடி சேர்ந்த தலைப்பகுதியைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிடுவார்கள், அடுத்த மழைக்கு அது மறுபடி ஊன்றும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டுவிளைபொருளைச் சேகரிக்கும் உரிமையை, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவர்களுக்குத்தான் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் வரும் நமக்கு அந்த உரிமை இல்லை. சரணாலயத்தில் ஒரு வேரைப் பிடுங்கினாலும் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பன்னர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக்கூட்டம் வருகிறது. கேழ்வரகு அறுவடை நெருங்கும் மாதங்களில் ஓசூருக்கு அருகே சானமாவு காடு வரைக்கும் வந்து முகாமிடும். விடியற்காலையில் கீரைக்கூடையோடு அந்தப் பக்கம் போவது உயிரோடு விளையாடுவது. மலையில் இருப்பவர்களிடம் போய்க் கேட்கலாம், அவர்கள் விற்பதை நியாயமான விலைக்கு வாங்கலாம். பறிக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுவதுதான் மரியாதை.

முறையாகக் கற்க நினைப்பவர்களுக்குப் பக்கத்திலேயே இடங்கள் உண்டு. பெங்களூரு எலகங்கா அருகே எஃப்.ஆர்.எல்.எச்.டி. அறக்கட்டளை இருக்கிறது. 1993 முதல் தமிழகம், கர்நாடகம், கேரளம் மூன்று மாநில வனத்துறைகளோடும் சேர்ந்து, மூலிகைகளை அவை வளரும் காட்டிலேயே வைத்துக் காக்கும் பகுதிகளை உருவாக்கியவர்கள் அவர்கள். செடியை எடுத்துவந்து தோட்டத்தில் வைப்பதைவிட, செடி நிற்கும் இடத்தைக் காப்பது முக்கியம் என்ற எண்ணம் அந்த வேலையில் இருக்கிறது. ஓசூரை ஒட்டிய சர்ஜாபுராவில் ஓவியக் கலைஞர் சுரேஷ்குமார், சர்ஜாபுரா கரீஸ் என்ற பெயரில் ஊர்க்கீரைகளைத் தேடி, வளர்த்து, ஊர்ப்பெண்களோடு சேர்ந்து சமைத்துப் பரிமாறும் பணியைச் செய்துவருகிறார். தளி அருகே கும்ளாபுரத்தில் நவதர்சனம் அறக்கட்டளையின் நிலம் இருக்கிறது. வெறும் கட்டாந்தரையாக இருந்த இடத்தில் மேய்ச்சலையும் வெட்டுவதையும் நிறுத்தியதும் தானாகவே செடிகொடி திரும்பி வந்தது. சும்மா விட்டால் மண் என்ன செய்யும் என்று பார்க்க அது நல்ல இடம். கொஞ்சம் தொலைவில், தெலங்கானாவின் சகீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் தலித் பெண்கள், விதைக்காமல் முளைக்கும் கீரைகளுக்கென்றே விழா எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றில்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் முழுக்க அதையே சுற்றுங்கள். முதல் வருடத்தில் நாலைந்து கீரையை நன்றாகத் தெரிந்துகொண்டால் தாராளம். புதிதாக ஒன்றைச் சாப்பிடுவதானால் ஏற்கெனவே சாப்பிட்டவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வேகவைத்திருக்க வேண்டும், கொஞ்சமாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தரைப்பசலை, தண்டுக்கீரை வகையறாவைத் தினமும் சாப்பிடக் கூடாது, ஆக்சலேட் அதிகம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையும் வேண்டாம்.

அந்தத் துண்டு நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான் இப்போது பிரச்சினை. அவ்வா களையெடுத்த வயல்களில் பாதி, கல் நட்ட மனைகளாகிவிட்டன. விற்காமல் கிடக்கும் மனையில் முதலில் முளைப்பது பார்த்தீனியம்; கீரைக்கு அங்கே இடம் கொடுக்காது, பிடுங்கப் போனால் கை அரிக்கும். ஆனால் தமிழ்நாட்டு விதிப்படி பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறவிடமாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். ஓசூரைச் சுற்றி இப்படிச் சேர்ந்த நிலம் கொஞ்சநஞ்சமில்லை. பெரும்பாலும் கம்பிவேலிக்குள் புதர் மண்டிக் கிடக்கிறது. பணம் வந்தால் சிமெண்ட் பெஞ்சும் கொரியன் புல்லும் ஒரு சறுக்குமரமும் போட்டுப் பூங்கா என்று திறக்கிறார்கள்.

நேற்றுவரை கேழ்வரகு விளைந்த மண் அது. கீரை விதை இன்னும் அதில் உறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மழை போதும், பண்ணைக்கீரை தானாக வரும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் நானும் சேர்ந்து உள்ளாட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். ஒரு மனைப்பிரிவில், ஒரே ஒரு பொதுவிடத்தில், கால் ஏக்கர் கேட்டிருக்கிறோம். நெடுஞ்சாலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், கழிவுநீர்க் கால்வாய் பக்கத்தில் இருக்கக் கூடாது. தொடங்குமுன் மண்ணில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று பரிசோதித்து அறிக்கையை வாசலில் ஒட்ட வேண்டும். களைக்கொல்லி கூடாது. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறையோடு நாங்களே பிடுங்கிவிடுவோம். நடுவில் நாலு வரிசை கேழ்வரகு போட்டால், களையெடுக்க அவ்வா மாதிரி இருவரைக் கூலி கொடுத்து அழைக்கலாம். அந்தக் கூலியை ஆசிரியர் சம்பளமாகக் கணக்கெழுத வேண்டும் என்றும் மனுவில் சேர்த்திருக்கிறோம். மார்கழியில் விதை உதிர்ந்த பிறகுதான் புல் வெட்டலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பெண்களுக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும் என்ற வரியை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தானாகவே எழுதிச் சேர்த்தாள். மனு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது.